இயேசப்பாவைப் போலீஸ்காரர் ஆக்காதீர்கள்

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ வீட்டுக்கு யார் வந்தாலும் நடக்கிற சடங்கு ஒன்று உண்டு. வந்தவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டச் சொல்லிவிட்டு, வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையைக் கிட்டே கூப்பிடுவார். "எங்க, ஒரு வசனம் சொல்லு பாப்போம்!" பிள்ளை கடகடவென்று ஒப்பித்துவிட்டால் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட் வெளியே வரும். அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அவர் பார்வை பிள்ளையை விட்டு அம்மாமேல் ஏறும். வாயால் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காமலே நமக்குப் புரிந்துவிடும்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது நடக்கிறது. மனசு வைத்தால் வசனம் சொல்வாள். 23-ஆம் சங்கீதம் பாதி தெரியும். பரமண்டல ஜெபத்தில் நடுவே ஒரு வரியை விழுங்கிவிட்டு ஆமெனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். மனப்பாடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் அத்தைக்குக் கண்ணில் புரை முற்றி, வேதப் புத்தகத்தைத் திறக்க முடியாமல் இருந்த நாட்களில், சின்ன வயசில் நெஞ்சில் ஏறின சங்கீதங்களை வைத்துத்தான் பொழுதை ஓட்டினார்கள். அந்த வயசில் ஏறினது கடைசிவரை கூட வரும். ஆனால் பிள்ளையின் விசுவாசத்தை எடைபோட வசனத்தை எண்ணினால் போதும் என்று நினைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. நான் பார்ப்பது வேறு. கடவுள் என்றதும் இந்தப் பிள்ளைக்குப் பேசத் தோன்றுகிறதா, ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறதா?

தமிழ்நாட்டில் எந்த மதத்து வீடானாலும் பிள்ளை பொய் சொன்னால் 'சாமி கண்ணைக் குத்தும்' என்று மிரட்டுவது உண்டு. நம் வீடுகளில் அது ஞானஸ்நானம் பெற்று, "இயேசப்பா பாத்துட்டே இருக்காங்க, அடி குடுப்பாங்க" என்று ஆகிவிட்டது. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவசரத்துக்குக் கையில் அகப்படுகிற பிரம்பு அது, அவ்வளவுதான்.

போன லெந்து நாட்களில் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்து தங்கியிருந்தார். மகள் பால் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, "நான் இல்ல, பூன" என்றாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. பெரியம்மா சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். இயேசு ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற படம். "அந்தா பாரு, முழிச்சுப் பாத்துட்டு நிக்காங்க. பொய் சொன்னா நரகத்துல போட்டுருவாங்க."

மறுநாள் காலையில் காலண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள்.

"ஏன்ட்டி திருப்பி வச்ச?"

"அவங்க என்னையவே பாக்காங்கம்மா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் அதட்டின சீஷர்களைக் கோபித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கி அணைத்தவர் என்று மாற்கு எழுதிவைத்திருக்கிற ஒருவரை, ஐந்து வயதுப் பிள்ளை பார்க்கப் பயந்து சுவர் பக்கம் திருப்பிவிட்டது என்றால் கோளாறு பிள்ளையிடம் இல்லை.

அன்று ராத்திரி பேதுருவின் கதையைச் சொன்னேன். அவரும்தான் பொய் சொன்னார். இயேசப்பாவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை. அப்புறம் என்ன நடந்தது? இயேசப்பா உயிரோடு எழுந்து வந்து, கடற்கரையில் கரி மூட்டி, மீன் சுட்டு வைத்து, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டார்கள். பேதுருவையும் சேர்த்துத்தான். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இது இருக்கிறது.

"என்ன மீனு?" என்றாள்.

"சாளையாத்தான் இருக்கும்" என்றார்கள் அத்தை, காய் நறுக்கிக்கொண்டே. கலிலேயாக் கடல் நல்ல தண்ணீர் ஏரி, அங்கே ஏது சாளை என்று நான் திருத்தப் போகவில்லை. தூத்துக்குடியில் பிறந்தவர்களிடம் மீன் விஷயத்தில் வாதாட முடியாது.

அப்படியானால் பொய்க்குத் தண்டனையே இல்லையா என்று கேட்பீர்கள். பாலைத் துணி எடுத்து அவளே துடைத்தாள். பூனை இல்லை, நான்தான் என்று அந்தப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னாள். அந்த வயசுக்கு அது போதும். கண்டிப்பது அப்பா அம்மாவின் வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டுக் கடவுளை ஏட்டையாவாக நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வீட்டில் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பது ஏதோ புதுப் பாணி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1529-இல் மார்ட்டின் லூத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் விதம் இது என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே குறித்தார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஞாயிறு பள்ளியெல்லாம் வெகு பிந்தி வந்தது. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள் ஞாயிறன்றாவது எழுத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான். பெற்றோர் கைகழுவிவிடலாம் என்று அவர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. நாம்தான் ஞாயிறு காலையில் பிள்ளையை அங்கே இறக்கிவிட்டு, மே மாதம் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியில் பத்து நாள் சேர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். விபிஎஸ்ஸை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வெயிலில் தொண்டை கட்டக் கட்ட ஆக்ஷன் பாட்டு சொல்லிக்கொடுக்கிற அக்காமாருக்குப் பரலோகத்தில் தனி இடம் உண்டு. ஆனால் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். பிள்ளைகளிடம் இதைப் பேச அங்கே குறித்திருக்கிற இடங்கள் வீடும் வழியும். நேரங்கள் படுக்கையும் எழும்புகையும். ஞாயிறு ஒன்பது மணி ஆராதனை அந்தப் பட்டியலில் இல்லை.

படுக்கைக்கு வருகிறேன். எங்கள் குடும்ப ஜெபம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. முன்பெல்லாம் அத்தை ஒரு அதிகாரம் முழுக்க வாசித்து, உற்றார் உறவினர் அத்தனை பேருக்கும் பெயர் சொல்லி ஜெபித்து முடிப்பதற்குள் வீட்டில் பாதிப்பேர் சாய்ந்திருப்பார்கள். இப்போது பிள்ளைக்காக அத்தையே சுருக்கிவிட்டார்கள். ஒரு பாட்டு, ஒரு சின்னக் கதை, பிறகு பாயில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பெரியவர்களின் நீண்ட ஜெபம் பிற்பாடு, அவரவர் தனியாக.

மகளின் ஜெபம் ஒரு வரியில் நிற்காது. "இயேசப்பா, கரண்டு போகக்கூடாது. அப்பா வண்டிய மெதுவா ஓட்டணும். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கால் சரியாகணும். ஆமென்." வண்டி விஷயத்தில் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் சொல்லிக்கொடுத்தது என்று சந்தேகம்.

அந்த ஆட்டுக்குட்டிக்கு ஒரு கதை இருக்கிறது. பக்கத்து வீட்டில் வளர்த்த கிடாக்குட்டி, சுவரேறிக் குதித்து முன்னங்கால் பிசகி நொண்டிக்கொண்டிருந்தது. இவள் தினமும் போய் அகத்திக்கீரை கொடுத்து, ராத்திரி அதற்காக ஜெபம் பண்ணினாள். வாரக்கணக்கில் பண்ணினாள். கால் சரியாகிவிட்டது. சபை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். பிறகுதான் அசனப் பண்டிகை வந்தது.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு: அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. ஒருவர் அரிசி மூட்டை கொடுப்பார், ஒருவர் தேங்காய், ஒருவர் கிடா. பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, டாக்டரும் கொத்தனாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். சாப்பிட்டு முடித்து ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் வீட்டுக்கும் வாங்கிப்போவோம். பக்கத்து வீட்டார் அந்தக் கிடாவை அசனத்துக்கென்றே நேர்ந்துவிட்டிருந்தார்கள். எங்களுக்கும் அது தெரியும். பிள்ளைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பந்தியில் உட்கார்ந்தபிறகு யார் வாயிலிருந்தோ விஷயம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கால சரியாக்குனது இதுக்குத்தானா?"

எதிரே உட்கார்ந்திருந்த மூப்பர் ஒருவர் பலி, காணிக்கை என்று ஏதோ தொடங்கினார். அத்தை கையமர்த்தினார்கள். "ஏட்டி, நாம சாப்பிடத்தான் ஆடு வளக்கோம். ஒனக்கு இன்னைக்குச் சாப்பிடப் பிடிக்கலன்னா விட்டுரு. ரசம் ஊத்திக்க." அவள் ரசம் சோறு சாப்பிட்டாள். அன்று ராத்திரி ஜெபத்தில் அவள் முறை வந்தபோது, "இன்னைக்கு நான் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள்.

பேசு என்று நாங்கள் வற்புறுத்தவில்லை. சங்கீதப் புத்தகத்தை வரிசையாக வாசித்தவர்களுக்குத் தெரியும், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புலம்பலும் முறையீடும்தான். கடவுளோடு சண்டை போட்ட பாட்டுகளையே வேதமாக வைத்திருக்கிற நாம், ஒரு பிள்ளை ஒரு ராத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு ஏன் பதற வேண்டும்? அந்த இடத்தில் பெரியவர்கள் கடவுளுக்கு வக்காலத்து வாங்கப் போவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. அவருக்கு வக்கீல் தேவையில்லை. பிள்ளைக்குத்தான் பக்கத்தில் படுக்க ஆள் தேவை.

சில நாள் கழித்து எமி கார்மைக்கேலின் கதையைச் சொன்னேன். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு டோனாவூர் அம்மாவைத் தெரியாமல் இருக்காது. 1867-இல் அயர்லாந்தில் பிறந்து, இங்கே வந்து, 1901-இலிருந்து டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்து, 1951-இல் இங்கேயே கண்மூடியவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தன் பழுப்புக் கண் நீலமாக வேண்டும் என்று ஒரு ராத்திரி ஜெபம் பண்ணினாராம். காலையில் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்பு. இந்தியாவில் சேலை கட்டிக்கொண்டு நம் மக்களோடு மக்களாகப் போய்வர அந்தப் பழுப்புக் கண்தான் பின்னால் உதவியது என்று சொல்வார்கள். கதையின் அந்தப் பின்பாதியை நான் மகளிடம் சொல்லவில்லை. எல்லா 'இல்லை'க்கும் பின்னால் ஒரு காரணம் வந்து நிற்கும் என்று இப்போதே வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டார், கிடைக்கவில்லை, மறுநாளும் ஜெபம் பண்ணினார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணாடியைப் போய்ப் பார்த்துத் தன் கண்ணும் பழுப்புதான் என்று உறுதி பண்ணிக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி பாயில் உட்கார்ந்து சொன்னாள்: "இயேசப்பா, அடுத்த ஆட்டையாவது விட்ருங்க."

அடுப்படியில் நடப்பதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பிடியரிசிக் காணிக்கை நம் பாட்டிமார் விட்டுப்போன நல்ல வழக்கம். சோறு பொங்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவது. நிறைந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. மிசோரமில் சபையார் 1910 முதல் இதே வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த அரிசியிலேயே பெரிய ஊழியங்களை நடத்திவருகிறார்கள். இங்கே குக்கரும் ஆன்லைன் காணிக்கையும் வந்தபிறகு பல வீடுகளில் பானை பரணுக்குப் போய்விட்டது. நான் அதை இறக்கி வைத்ததற்கு ஒரே காரணம், கியூஆர் கோடில் பணம் அனுப்பினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். போனில் ஒரு டிங் சத்தம், அவ்வளவு. அரிசி அப்படியில்லை. அவள் கை சின்னது, அள்ளினால் விரலிடுக்கில் பாதி சிந்தும். சிந்தினதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, 'எம் பிடி சின்னதுல்லா' என்று சொல்லி இன்னொரு பிடி போடுவாள். கொடுத்தால் நம்முடையது குறையும் என்பதை அளவுப் படியில் கண்ணால் பார்க்கிறாள். காணிக்கையைப் பற்றி இதற்குமேல் ஒரு பிரசங்கம் எனக்குத் தெரியாது.

வழியில் பேசுவதற்கு எங்கள் ஊரில் விஷயம் ஏராளம். முருகன்குறிச்சிப் பக்கம் போனால் ஊசிக்கோபுரம் தெரியும். அந்த ஆலயம் ரேனியஸ் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) காலத்தில், 1826-இல் எழும்பினது. அதைவிட அவளுக்குப் பிடித்தது பாப்பாத்தியம்மாள் கோயில்தான். கிளாரிந்தா என்ற பிராமண விதவை, 1778-இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர், முன்னின்று கட்டின சின்னக் கோயில், 1785-இல் பிரதிஷ்டையானது. தஞ்சாவூரிலிருந்து வந்த, சொந்தக்காரர் துணையில்லாத ஒரு பெண் இந்த ஊர்ச் சபைக்கு முதல் கல்லை வைத்தார் என்று ஸ்கூட்டரை ஓரங்கட்டிச் சொன்னேன். "அவங்களே செங்கல் தூக்குனாங்களா?" என்று கேட்டாள். விசுவாசம் நாலு தலைமுறையாக நம் வீட்டில் கிடக்கிற பழைய பாத்திரம் இல்லை, யாரோ ஒருவர் விலை கொடுத்து வாங்கினது என்பது பிள்ளைக்கு இப்படித்தான் உறைக்கும்.

பக்கத்துத் தெருவில் அவளுக்கு ஒரு உயிர்த் தோழி உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்கு அங்கிருந்து கொழுக்கட்டை வரும், சரஸ்வதி பூஜைக்குச் சுண்டல் வரும். சாப்பிடலாமா கூடாதா என்று நம் சபைகளில் நடக்கிற விவாதம் உங்களுக்குத் தெரியும். பவுல் கொரிந்தியருக்கு எழுதின காலத்திலேயே அது இருந்தது. வீட்டுக்கு வீடு மனச்சாட்சி வேறு, அதில் நான் தலையிடமாட்டேன். எங்கள் வீட்டில் அன்போடு கொடுத்ததை அன்போடு வாங்கிக்கொள்கிறோம். கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கேக்கும் அங்கே போகிறது. நாம் கும்பிடுகிறவர் யார் என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க அடுத்த வீட்டுச் சாமியை ஏளனம் பண்ணத் தேவையே இல்லை. ஏளனம் பண்ணப் பழகின வாய் அதோடு நிற்கவும் நிற்காது.

வாய் என்றதும் கடைசி விஷயத்துக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்து வந்து கோழிக்குழம்பும் சோறுமாக உட்காருகிற நேரம். வாரத்தின் மிகப்பெரிய ஞாயிறு பள்ளி அங்கேதான் நடக்கிறது. ஐயர் பிரசங்கம் நீளம், கொயர் சுருதி சேரவில்லை, இன்னார் வீட்டுப் பிள்ளை இன்னாரோடு வண்டியில் போனது, காணிக்கைக் கணக்கு என்னவாயிற்று, அடுத்த சபைத் தேர்தலில் யார் எந்த அணி. பிள்ளை முருங்கைக்காயை மென்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்கிறது. காலையில் ஆலயத்தில் கேட்டதை மறந்துவிடும், இதை மறக்காது.

எங்கள் மகளும் தோழியும் 'ஐயர் விளையாட்டு' விளையாடுவார்கள். இவள் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் ஏறிப் பிரசங்கம் பண்ணுவாள். பொம்மைகள் சபையார். தோழி காணிக்கைப் பை பிடிப்பாள். இந்துப் பிள்ளைதான், ஆனாலும் எங்கள் மூப்பர்களைவிடப் பயபக்தியாகப் பிடிப்பாள். எங்கள் பக்கம் சபைத் தேர்தல் சூடு பிடித்திருந்த ஒரு மாதத்தில், ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் கரடி பொம்மை எழுந்து நின்றது. "கணக்க மொதல்ல காட்டுங்க, பெறவு ஆமென் சொல்லுவோம்" என்றது, என் வீட்டுக்காரரின் குரலில், அவர் கை ஆட்டுகிற மாதிரியே ஆட்டிக்கொண்டு. யானை பொம்மை எதிரணி போலிருக்கிறது, அதை ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

நாங்கள் சிரித்தோம், சிரித்து முடித்தபிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சபைக் காரியம் பேசக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காணிக்கை கொடுக்கிறவன் கணக்குக் கேட்கத்தான் வேண்டும், ஓட்டுப் போடுகிறவன் யோசித்துத்தான் போட வேண்டும், தப்பு நடந்தால் எழுந்து நின்று கேட்பதும் விசுவாசம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு நேரம் குறித்துவிட்டோம். இரவு ஒன்பதரை மணி, பிள்ளை தூங்கின பிறகு. உங்கள் ஊரிலும் தேர்தல் வரும், பேச நிறைய இருக்கும். தாராளமாகப் பேசுங்கள். பிள்ளை நிஜமாகவே தூங்கிவிட்டதா என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.